சிரித்தால் விழுகிறவர்

1

போன மாதம் கனடாவில் எங்கள் நகரத்துத் தமிழர்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் பொங்கல் விழா வைத்தார்கள். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. உள்ளே வேட்டியும் கம்பளிச் சட்டையுமாகச் சாப்பாட்டு வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தபோது அவர் கோத்தகிரிக்காரர் என்று தெரிந்தது. கடைவீதியில் அவருடைய அப்பாவுக்கு மளிகைக் கடை இருந்ததாம். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ஏனுங்க, டீ பேக்டரில இருந்தாருங்களே ராசு, அவரு தம்பிங்களா நீங்க? அவரு இப்பவும் தண்ணி போடறாருங்களா?"

என் அண்ணன் ஒருநாளும் குடித்ததில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டல்லவா, அதைச் சிரித்துவிட்டு வடையை எடுக்கப் போனார்.

திரும்பும்போது காரில் என் மகள் நிலா கேட்டாள்: "பெரியப்பா தண்ணி குடிச்சா அந்த அங்கிளுக்கு என்னப்பா?" இங்கே பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த தண்ணி குழாயில் வருவது மட்டும்தான். 'தண்ணி போடுவது' என்றால் என்னவென்று விளக்கிவிட்டு, பெரியப்பாவை ஏன் அப்படி நினைத்தார்கள் என்று விளக்குவதற்குள் வீடு வந்துவிட்டது. அவளுக்குப் பெரியப்பா என்றால் போன் திரையில் தெரியும் ஒரு முகம். சிரிப்பதற்கு முன்னால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்கிற முகம். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தாளாம்.

மகளுக்குச் சொன்னதை ஊரில் இருப்பவர்களுக்கும் ஒருமுறை சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். அந்த மளிகைக் கடைக்காரர் மகனைப் போல இன்னும் பல பேர் இருப்பார்கள்.

2

நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். வரும்போது நான் சிறுவன். அண்ணன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் வேலை. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுத் தனியார் டீ பேக்டரி ஒன்றில் சேர்ந்தார். அரைத்த இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையரில் அவருக்கு வேலை. நான் படித்தேன். ஊட்டி கல்லூரியில் விலங்கியல் முடித்து, குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனேன்.

அண்ணன் அந்தக் காலத்தில் பெரிய வேடிக்கைக்காரர். யாருடைய குரலையும் பேசிக் காட்டுவார். படுகர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தால் அந்த ஆட்டத்தை லயத்து வாசலில் ஆடிக் காட்டுவார். அப்பா அடக்கிப் பார்த்து அலுத்துப்போனார்.

பசுந்தேயிலை விலை விழுந்த வருஷங்களை மலையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்தைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்புயரச் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்தன. இலை வராததால் பேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தன. ஆட்களைக் குறைக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று தேடிய காலம் அது. அண்ணனுக்குச் சீக்கு வந்ததும் அப்போதுதான்.

முதல் தடவை எல்லாரும் அதை விளையாட்டு என்றே நினைத்தார்கள். டீ நேரத்தில் மாரிமுத்து என்கிற கூட்டாளி சூப்பர்வைசரின் நடையை நடந்து காட்டியிருக்கிறார். அண்ணன் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க முழங்கால் மடங்கியது, தலை தொங்கியது, கையிலிருந்த டம்ளர் நழுவியது. துணி மூட்டையைச் சாய்த்தது போலத் தரையில் கிடந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டார். இவரும் நடிக்கிறார் என்று அவர்கள் கை தட்டினார்களாம்.

பிறகு அது அடிக்கடி வந்தது. நல்ல செய்தி கேட்டால், பழைய சிநேகிதனைத் திடீரென்று பார்த்தால், யாராவது கேலி செய்தால் கால் மடங்கிவிடும். அதோடு பகலில் தூக்கம். பஸ்ஸில் ஏறினால் தூக்கம், சோற்றில் கை வைத்தபடியே தூக்கம். காலையில் விழித்த பிறகு கையைக் காலை அசைக்க முடியாமல் கிடப்பார். நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும் என்பார். அமுக்குவான் பேய் என்று சொல்லி அம்மா தலையணைக்கு அடியில் அரிவாள் வைத்தார்.

ஒருநாள் டிரையர் பக்கத்தில் விழுந்தார். நல்ல வேளையாகச் சூட்டில் படவில்லை. சூப்பர்வைசர் வந்து வாயை மோந்து பார்த்தார். வாடை இல்லை. வாடை வராத சரக்காக இருக்கும் என்று முடிவு செய்தார்கள். மறுநாளிலிருந்து வேலை இல்லை. பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டியபோது வலிப்பு என்றார்கள். வலிப்பு என்று பேர் விழுந்தவனை எந்த பேக்டரியும் மிஷின் பக்கம் விடாது. ஆக, பாதி ஊருக்கு அவர் குடிகாரர். மீதிப் பேருக்கு வலிப்புக்காரர்.

இரண்டும் இல்லை என்பது அண்ணனுக்குத் தெரியும். வலிப்பு வந்தவர்களுக்கு நினைவு இருக்காது. அண்ணனுக்கு எல்லாம் இருந்தது. "கேட்டுக்கிட்டேதான் தம்பி கிடப்பேன். யாரு என்ன சொல்றாங்க, யாரு காலால தள்ளிப் பாக்குறாங்க, எல்லாம் தெரியும். வாயைத் தொறக்கத்தான் முடியாது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

3

அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். சிரிப்பதை விட்டுவிட்டார்.

இதைப் படிப்பவர்கள் எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். எழ முடியாத இடமென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. குரல் மாற்றிப் பேசுவது, ஆடுவது எல்லாம் நின்றது. கேரட் தோட்டங்களில் தினக்கூலிக்குப் போனார். மண்ணைக் கொத்தும்போது யாரும் சிரிக்க வைக்க மாட்டார்கள் அல்லவா. கர்வம் பிடித்த ஆள், முகத்தில் ஒரு சிரிப்பில்லை என்று புதிதாக ஒரு பேர் வந்தது.

இந்த நிலைமையில்தான் கல்யாணம். அண்ணி ரத்தினம் மேட்டுப்பாளையம் பக்கம். தனக்கு இப்படி வருவதைப் பெண் பார்க்கப் போனபோதே அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணி அதற்குச் சம்மதித்தே வந்தார். அடுத்த வருஷம் கவிதா பிறந்தாள்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிற மாதம் வந்தது. அண்ணன் வாசலில் நின்று அவளை ஏந்திக்கொண்டிருந்தார். அவள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். இவருக்குக் கை இரண்டும் தொய்ந்தது. குழந்தை விறகுக் கட்டுமேல் விழுந்து நெற்றி கிழிந்தது. அண்ணன் அவளுக்குப் பக்கத்திலேயே கண்ணைத் திறந்தபடி கிடந்தார். குழந்தை அழுவதைக் கேட்டபடி, கையை நீட்ட முடியாமல்.

அதற்குப் பிறகு அவர் கவிதாவைத் தூக்கவில்லை. எட்டியே நின்றார். அவள் ஓடி வந்தால் பின்னால் நகர்ந்தார். பள்ளிக்கூட விழாவில் அவள் ஆடியபோது போகவில்லை. அண்ணி எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால், கண்ணெதிரே மண் கொத்துகிற ஆளைப் பார்த்து ஒரு குழந்தை அதை எப்படி நம்பும்?

கவிதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில் நான் கனடா வந்தேன். பிறந்தது இலங்கை, படித்தது இந்தியா, பாஸ்போர்ட் இந்தியா என்பதால், நான் எந்த நாட்டுக்காரன் என்பதைக் குடிவரவு அலுவலகத்தில் ஒவ்வொரு ஜன்னலிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். வேலை இடத்தில் இன்றைக்கும் என்னை ராமையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா கூடவே வந்த மாதிரி இருக்கட்டும் என்று நானும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் செய்வேன். ஒருநாள் கவிதா போனை வாங்கி, மற்ற பேச்செல்லாம் முடிந்த பிறகு, "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது சித்தப்பா" என்றாள். அழவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

4

இங்கே எனக்குக் கிடைத்தது ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடத்தில் வேலை. முதலில் எலிகள். பிறகு நாய்கள் இருந்த பகுதிக்கு மாற்றினார்கள். தூக்கத்தை ஆராய்கிற இடம். தலைவராக இருந்த பெண்மணியை இங்கே ஹெலன் டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே ஒரு பரிசோதனைக்கு உதவியாக என்னைக் கூப்பிட்டார். ரூபி என்று ஒரு பெண் நாய், கறுத்த உடம்பு, நீண்ட கால். தரையில் இறைச்சித் துண்டுகளை வரிசையாக வைத்துவிட்டு அதை அவிழ்த்துவிடச் சொன்னார். ரூபி வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தது. முதல் துண்டைத் தின்றது. அடுத்ததற்குப் போகும்போது பின்னங்கால் மடிந்தது. பிறகு முன்னங்கால். கழுத்து தளர்ந்து, முகவாய் தரையில் பட்டு, அப்படியே கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. நான் நகர்ந்தால் அந்தக் கண்ணும் கூடவே நகர்ந்தது.

நான் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ரூபி எழுந்து மிச்சத் துண்டுகளைத் தேடிப் போன பிறகு ஹெலன் டாக்டர் கேட்டார், நீ இப்போது சொன்ன வார்த்தை என்ன என்று. அண்ணா என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மூத்த சகோதரன் என்று அர்த்தம் என்றேன். பெண் நாயை ஏன் அப்படிக் கூப்பிட்டாய் என்று அவர் கேட்டார். அண்ணனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒருமுறைகூட அவர் என்னை நிறுத்தவில்லை.

அன்றும் அதற்குப் பிறகும் அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். தூக்கத்தில் நாம் கனவு காணும்போது மூளை விழித்திருப்பது போலவே வேலை செய்கிறது. கனவில் ஓடினால் ஓடச் சொல்லியே கட்டளை போகிறது. கால் உண்மையில் ஓடிவிடக் கூடாது. அதனால் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில் இருக்கிற மூளைத்தண்டு ஒரு காரியம் செய்கிறது. தசைகளை முறுக்காக வைத்திருக்கிற நரம்புகளுக்கு நோர்அட்ரினலின், செரட்டோனின் என்று இரண்டு ரசாயனங்கள் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். கனவு வரும் நேரத்தில் அந்த ஊற்று நின்றுபோகும். கூடவே கிளைசின், காபா என்று வேறு இரண்டு வந்து அந்த நரம்புகளை அடக்கிவிடும். உடம்பு துவண்டுவிடும். மூச்சும் கண்ணும் மட்டும் தப்பிக்கும். பூனைகளுக்கு மூளைத்தண்டின் அந்த இடம் கெட்டுப்போனால், தூங்கிக்கொண்டே எழுந்து இல்லாத எலியைப் பிடிக்கப் பாயுமாம்.

மனிதனுக்கும் நாய்க்கும் பூனைக்கும் இது ஒரே ஏற்பாடுதான். விழித்த பிறகும் இந்தத் துவட்சி சில நொடி நீடித்தால் அதுதான் நம் ஊர் அமுக்குவான். சில பேருக்கும் சில நாய்களுக்கும், தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்துவைக்கிற இன்னொரு ரசாயனத்தின் வேலை கெட்டுவிடுகிறது. சந்தோஷம் பொங்கினால் போதும், விழித்திருக்கும்போதே கனவு நேரத்துப் பூட்டு விழுந்துவிடும். விழிப்பைக் காக்கிற நரம்புகள் மட்டும் ஓயாமல் இருப்பதால் காதில் எல்லாம் விழும். "கேட்டுக்கிட்டேதான் கிடப்பேன்" என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

அந்த நாய்களுக்கு ஊசி போட்டார்கள், தலையில் மெல்லிய கம்பி வைத்தார்கள். எனக்கு அது பிடித்ததாகச் சொல்ல மாட்டேன். என் வேலை அவற்றைக் குளிப்பாட்டி, உணவு வைத்து, ஓட விடுவது. அதை ஒழுங்காகச் செய்தேன். அண்ணனுக்கு மருந்து கிடைத்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன்.

"நாய்க்கும் வருதா?" என்றார்.

"நாய்க்கும் வருதுண்ணா."

"அதுக்குக் குடிக்கத் தெரியாதுல்ல" என்றார்.

5

மருந்து இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வாங்கி அனுப்ப முடியவில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் எடுத்துப் போகக்கூடாது, இங்குள்ள மருத்துவர் பார்க்காத ஆளுக்குச் சீட்டு எழுதக்கூடாது. நியாயம்தான். நானே லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் முதல் வளைவு வருவதற்குள் அண்ணன் தூங்கிவிட்டார். அண்ணியும் கவிதாவும் கூட வந்தார்கள். கவிதாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், நேரில் அதிகம் பார்த்ததில்லை என்று ஒளிவில்லாமல் சொன்னார். வலிப்பு என்று ஏற்கெனவே எழுதியிருப்பதை மாற்ற வேண்டுமானால் விழுவதைத் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்றார். சிரிக்கச் சொன்னார்.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக அடைத்துவைத்த ஆள். மருத்துவர் தனக்குத் தெரிந்த துணுக்கு ஒன்றைச் சொன்னார். அண்ணன் மரியாதையாகத் தலையாட்டினார். நான் மாரிமுத்துவின் பழைய கதைகளை எடுத்துவிட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வேண்டுமென்று செய்யவில்லை, முகம் தானாக அப்படிப் போனது. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். இன்னொரு நாள் வாருங்கள் என்று மருத்துவர் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அடுத்த லீவு எனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அண்ணனோ எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அப்போது கவிதா நாற்காலியிலிருந்து இறங்கி அவருக்கு எதிரே போய் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினாள். தாடையை இறுக்கினாள். புருவத்தை நெரித்து, கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். அண்ணனேதான். வருஷக்கணக்காக எட்ட நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. ஒரு மயிரிழை பிசகவில்லை. பிறகு அவருடைய கனத்த குரலிலேயே, "ரத்தினம், சோறு போடு" என்றாள்.

அண்ணன் சிரித்தார். நான் மறந்தே போயிருந்த சத்தம் அது. பாதிச் சிரிப்பில் தலை சாய்ந்தது, முழங்கால் மடிந்தது. நானும் மருத்துவரும் தாங்கிக் கீழே கிடத்தினோம். மருத்துவர் சின்னச் சுத்தியலை எடுத்து முழங்காலுக்குக் கீழே தட்டினார். துள்ள வேண்டிய கால் துள்ளவில்லை. இன்னொரு தட்டு. அசைவே இல்லை. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

சிறிது நேரத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். உங்கள் காதில் நான் என்ன சொன்னேன் என்று மருத்துவர் கேட்டார்.

"பயப்படாதீங்க, உங்களுக்கு வலிப்பு இல்லைன்னு சொன்னீங்க" என்றார் அண்ணன்.

மருத்துவர் கவிதாவைப் பக்கத்தில் அழைத்து, சிரிப்பு வந்தாலோ ரொம்பச் சந்தோஷமாக இருந்தாலோ உங்கப்பாவுக்குக் கை கால் பிடிப்பு விட்டுப்போகும் என்று சொன்னார். அவள் அதை யோசித்துப் பார்த்தாள். மருத்துவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் திரும்பினாள்.

"அதனாலதான் அப்பா என்னத் தூக்கறதில்லையா?"

"ஆமாஞ்சாமி" என்றார் அண்ணி. "கையில இருந்து உன்னை ஒருக்கா உட்டுட்டாரு. அதுக்கப்பறம் பயம்."

கவிதா நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே இருந்தார். மாட்டி முடிக்க வெகு நேரமானது.

6

எழுதிக் கொடுத்தது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று. மூளைத்தண்டில் அந்த இரண்டு ரசாயனங்களும் வற்றிப்போகாமல் அது பார்த்துக்கொள்கிறது. பகல் தூக்கத்துக்கு வேறொன்று. மருந்துக் கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு, ராசுவுக்கு மூளைக் கோளாறாம் என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்களாம். குடிகாரன் என்பதற்கு இது பரவாயில்லை என்று அண்ணன் சொன்னார்.

முழுக்கக் குணமாகவில்லை, ஆகவும் ஆகாது. இன்றும் பெரிய சிரிப்பு வந்தால் எதையாவது பிடித்துக்கொள்வார். பழைய பேக்டரி திரும்பக் கூப்பிடவில்லை. வேறொரு பேக்டரியில் இலை இறக்கும் இடத்தில் வேலை கிடைத்தது, மிஷினுக்குத் தூரமாக. கவிதா படித்து முடித்து இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். நிலாவுக்கு வார்த்தை கிடைக்காதபோது போனில் பொறுமையாக எடுத்துக்கொடுப்பவளும் அவள்தான். நான் எடுத்துக்கொடுத்தால் நிலாவுக்கு எரிச்சல் வரும்.

அந்த லீவின் கடைசி வாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வெயில் இருந்த ஒரு காலை. நான் வாசலில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கவிதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள். அண்ணன் உள்ளிருந்து வந்து, என்னையும் அண்ணியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினார்.

பத்து வயதுப் பெண். கால் இரண்டும் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கின. பைக்கட்டு ஒருபக்கம் இழுத்தது. எப்படி உட்கார்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எப்படிப் பிடிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. கூச்சத்தில் அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். முழங்கால் ஒருமுறை தளர்ந்தது, நான் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தேன். அவர் சுவரில் முதுகைச் சாய்த்துச் சமாளித்துக்கொண்டார். கை விடவில்லை.

"போதுமுங்க, இடுப்புப் புடிச்சுக்கும், எறக்கி உடுங்க" என்றார் அண்ணி.

"இருக்கட்டும்" என்றார் அண்ணன்.